சத்தம் போடாத கும்பா

அறுபதுகளில், வேலை முடிந்து வந்ததும் கடைசல் எந்திரத்தில் மரக்கிண்ணம் கடைவேன். பொழுதுபோக்குத்தான், யாரும் கேட்டதில்லை. "இதுலயா சோறு திங்கப் போறீக?" என்று என் மனைவி சிரிப்பாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டு வந்தாள். அவள் கணவர், விஸ்வநத்தம் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் உயிர் பிழைத்தவர். "வெங்கலக் கும்பா கை தவறி விழுந்தாக்கூட அலறியடிச்சுக் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிறாகண்ணே. மரத்துல கடைஞ்சு குடுங்க."

பூவரசங்கட்டையில் கும்பா, தம்ளர், சொம்பு எல்லாம் கடைந்து கொடுத்தேன். அந்த வீட்டு வெண்கலம் முழுக்கப் பரணுக்குப் போனது. பிறகு அங்கே சத்தமே கிடையாது.

அவர் இறந்த அன்று, அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் மரியாதை என்று ஒரு சாக்கு நிறைய வேட்டு வந்து இறங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த மனுசனுக்கா வேட்டு? அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"செத்தவருக்குக் கேக்கவா போகுது?" என்றபடி கொண்டுவந்த ஆள் திரியைப் பற்றவைத்தான்.

முதல் வேட்டு வெடித்ததும், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் சட்டென்று குனிந்து, இரண்டு கைகளாலும் கணவரின் காதுகளைப் பொத்தினாள்.