கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு வீடு

தரையின் உயரத்தைச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்துதான் குறிக்க வேண்டும் என்பது விதி. நில அளவைத் துறையில் அந்த விதியை நம்பிச் சம்பளம் வாங்கியவன் நான். நேற்று சத்திரம் பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கினேன். பக்கத்தில் நின்றவர் கைபேசியை நீட்டி, "சார், நாம கடலுக்குக் கீழ இருக்கோமாம், பாருங்க" என்றார். மைனஸ் இருபது சொச்சம். என் டீயில் உப்பு கரிக்கவில்லை.

அவர் மடக்கிய குடையில் ஈரத்துணி வாசனை. எங்களிடமும் ஒரு பெரிய குடை இருந்தது. காவிரிப் பாலத்தில் மட்டம் பார்க்கும்போது விரிப்போம். கருவிக்கு, அதிகாரிக்கு அல்ல. வெயில் பட்டால் கருவியின் குமிழி நகர்ந்துவிடும். நான் கறுத்தால் அரசுக்கு நஷ்டமில்லை. பஸ் போனால் பாலம் அதிரும், காத்திருப்போம். கடற்கரையில் பிடித்த உயரத்தை இப்படிக் கோல் கோலாகத்தான் ஊருக்குள் கொண்டுவந்தார்கள்.

பூமி உருண்டை என்று பள்ளியில் சொன்னார்கள். வேலையில் சேர்ந்தபின், துருவங்களில் சற்றே தட்டை என்றார்கள். அதுவும் முழு உண்மையில்லை. உள்ளே கனம் ஒரே சீராக இல்லாததால் ஈர்ப்பும் சீராக இல்லை. அதனால் கடலின் பரப்பிலேயே மேடு பள்ளம் உண்டு. அதில் மிகப் பெரிய பள்ளம் நமக்குத் தெற்கே இருக்கிறது. அதன் சரிவில் திருச்சி. கைபேசி போன்ற செயற்கைக்கோள் கருவியோ வழவழப்பான ஒரு கற்பனை வடிவத்திலிருந்து அளக்கும். நம் பக்கத்துக் கடல் மட்டம் அதற்குத் தொண்ணூறு மீட்டருக்கும் கீழே. திருச்சித் தரை கடலுக்கு எழுபது சொச்சம் மீட்டர் மேலே இருந்தும் கணக்கு மைனஸில் நிற்கும். அந்த வித்தியாசத்தைத் திருத்தாவிட்டால் ஸ்ரீரங்கம் மொத்தமும் முழுகிவிடும்.

காகிதத்தில் ஒருமுறை முழுகியது. ஸ்ரீரங்கத்தில் என் தங்கை வீடு மாடியில். கீழே வெறும் தூண்கள். அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்தபின் படி இறங்க முடியவில்லை. தெருவில் நாலு பேரிடம் பேசாவிட்டால் சாப்பாடு இறங்காத மனிதர். தூண்களுக்கிடையே ஓர் அறை கட்ட மாநகராட்சியில் அனுமதி கேட்டோம். கருவியோடு ஆள் வந்து போனார். மனு திரும்பியது. காரணம் கேட்க நானே போனேன்.

"ஆத்தோரம் சார். மெஷின்ல உங்க இடம் மைனஸ் காட்டுது. கடலுக்குக் கீழ தரைத்தளம் எப்படி சார் குடுக்கிறது?" என்றார் எழுத்தர்.

"அப்படின்னா பக்கத்து வீடெல்லாம்?"

"அவங்க மனு போடலையே."

தங்கை கணவரிடம் சொன்னேன். "கடலுக்கடியிலயா இருக்கோம்? அதான் மச்சான், ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

பூமியின் வடிவத்தை விளக்கி, படம் போட்டு, மேல்முறையீடு எழுதினேன். பிறகு நினைவூட்டல். பிறகு அந்த நினைவூட்டலை நினைவூட்டி ஒன்று. தங்கை மட்டும், "அண்ணே, பூமிய விடுங்க, அவருக்கு ஒரு ரூம் வாங்கிக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அவர்கள் மகன், வீட்டை விற்று, எடமலைப்பட்டி புதூரில் லிஃப்ட் உள்ள ஃப்ளாட்டுக்கு இருவரையும் அழைத்துப் போனான். அங்கே தெரு கண்ணுக்கு எட்டும், குரலுக்கு எட்டாது. அந்த மூன்றாம் மாடி பால்கனியில் நின்று கைபேசியில் உயரம் பார்த்தேன். ஏறக்குறைய பூஜ்யம்.

"கரையேறிட்டேன் மச்சான்" என்றார். சிரிக்கவில்லை.

வாங்கியவர் ஸ்ரீரங்கத்து வீட்டை இடித்துவிட்டார். தூண்கள்கூட இல்லை. கருவியின் அளவில் திருத்தம் தேவைப்பட்டது, தரைத்தளத்தில் அறை கட்ட ஆட்சேபணை இல்லை என்ற பதில் அந்தக் காலி மனையின் முகவரிக்கு, ஆடிப் பதினெட்டாம் தேதி வந்து சேர்ந்தது.