ஆறு பேருக்கு ஒரு பெயர்

முதல் தரம் சறுக்கிய உயர்தரப் பரீட்சைக் கணிதத்தை இரண்டாம் தரம் எழுதி வென்றாள். நாற்பத்தொரு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக இருந்து இயந்திரவியல் டிப்ளோமா எடுத்தாள். தகப்பன் பொன்னம்பலம் படுக்கையில் கிடந்த பதினான்கு மாதங்களில் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. பெண்பிள்ளைக்கு என்ன மெசின் வேலை என்று கேட்ட மாமனின் தண்ணீர்ப் பம்பியை, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே கழற்றிப் பூட்டி ஓடவைத்தாள். நேர்முகத்துக்கு வந்த இருபத்தெட்டுப் பேரில் எடுபட்ட இருவரில் ஒருத்தியானாள். சாவகச்சேரி ஆரணி இவ்வளவையும் வென்றது இருபத்தைந்து வயதுக்குள். அதற்குப் பிறகு இரண்டரை வருடமாக வெல்ல முடியாமல் கிடந்தது ஒன்றே ஒன்றுதான்: தான் செய்த வேலையில் தன் பெயரைப் போடுவது.

நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் அந்தக் கந்தோர் இருந்தது. ஆறு பேர் வேலை செய்தார்கள். ஒல்லாந்தில் உள்ள ஒரு கம்பனி, தொழிற்சாலைகளுக்கான, காற்றை அழுத்தித் தள்ளும் பெரிய கொம்பிரசர்களைச் செய்கிறது. அவற்றை வடிவமைக்கும் வேலையில் ஒரு பங்கு இங்கே வந்தது. எல்லாம் ஒரு பொருள் தரவுத்தளத்தில் இருந்தன. காற்றை அள்ளி எறிகிற சில்லு ஒன்றை எடுத்தால், அதன் அளவு, உலோகம், நிறை, கணக்கு, படம் எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாக அதற்குள் இருக்கும். ஒன்பது கொம்பிரசர்களுக்கு அதே சில்லு என்றால் ஒன்பது பிரதிகள் கிடையா. ஒன்பதும் அந்த ஒன்றையே சுட்டும். அதில் கை வைத்தால் ஒன்பதிலும் கை வைத்த மாதிரி.

இதை ஆரணி வந்த முதல் மாதமே பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் பழைய பழக்கத்தில், கோப்பைப் பிரதி எடுத்து வைத்துத் திருத்துகிற நினைப்பிலேயே இருந்தார்கள். ஒரு சில்லை ஒரு கொம்பிரசருக்கு மட்டும் மாற்றவேண்டுமென்றால், முதலில் அதைப் புதுப் பொருளாகப் பிரிக்கவேண்டும் என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அதைவிட அலுப்பு, பெயர். பொறுப்பாளர் பரமலிங்கம் கொழும்பில் இருபது வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். தரவுத்தளத்துக்குள் ஆறு பேரும் அவருடைய பெயரிலேயே போனார்கள். கடவுச்சொல் துண்டில் எழுதி ஒவ்வொரு திரையின் கீழும் ஒட்டியிருந்தது. ஆரணி தனக்கென்று ஒரு பெயர் கேட்டது மூன்று தரம்: 2022 ஓகஸ்ட், 2023 மே, 2024 ஜனவரி.

மூன்றாம் தரம் பரமலிங்கம் சிரித்தார். "பெரியவற்றை பேரிலை போனால் அங்கை ஒருத்தரும் குறுக்குக் கேள்வி கேக்கமாட்டினம், விளங்குதே? கலியாண அழைப்பிதழிலை ஆரின்ரை பேரிலை அழைக்கிறது? வீட்டுக்குப் பெரியவற்றை பேரிலைதானே."

"பொம்பிளையின்ரை பேரும் அதிலை கிடக்கும், சேர்."

மற்ற நால்வரும் குனிந்து சிரித்தார்கள். "வாய்க்குக் குறைச்சல் இல்லை உமக்கு," என்றார் அவர். "பேந்து பாப்பம்."

அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அவளுடைய அண்ணன் கஜீபன் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவன், சாவகச்சேரியில் எரிந்த மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற கடை வைத்திருப்பவன். தங்கச்சி என்ன செய்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் ஒன்றும் விடாமல் விளக்கம் சொல்லுவான். ஒருநாள் காலைத் தேத்தண்ணி குடிக்கையில் கேட்டான்.

"நீ செய்ததெண்டு சனத்துக்குக் காட்ட ஒரு படமும் இல்லையோடி?"

"இருக்கு அண்ணை, நூற்றுக்கு மேலை. எல்லாத்திலையும் பரமலிங்கம் எண்டு கிடக்கும்."

"அப்ப உன்னாலை பெருமை முழுக்க அவற்றை அம்மாவுக்குத்தான்."

ஆரணி சிரிக்கவில்லை. தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வந்தது ஒரு புதன்கிழமை. மத்தியானம், ஒரு கொம்பிரசரின் நிறைக் கணக்கைச் சரிபார்க்கத் திறந்தவள் அப்படியே நின்றாள். தண்டின் விட்டம் அறுபது மில்லிமீற்றர். அதில் ஏறவேண்டிய சில்லின் துளை அறுபத்திரண்டு. அடுத்த கொம்பிரசரைத் திறந்தாள். அதிலும் அப்படியே. பக்கத்து மேசையில் இருந்தவன் அவளோடு ஒன்றாக வேலைக்கு எடுபட்ட எமில்ராஜ்.

"எமில், உந்தச் சில்லின்ரை துளையைத் தொட்டனியே?"

"ஓம், நேற்று. சீமெந்துத் தொழிற்சாலைக்காரருக்குத் தண்டு தடிப்பெல்லோ. என்ரை மெசினுக்குத்தான் மாத்தினனான்."

"உன்ரை மெசினுக்கெண்டு ஒரு சில்லு இல்லையடா. ஒண்டுதான் இருக்கு. ஒன்பதிலையும் கை வைச்சிட்டாய்."

எமில்ராஜின் முகம் செத்துப்போனது. "நான் கொப்பி எண்டெல்லோ நினைச்சன்."

பிழை அத்தோடு நிற்கவில்லை. அன்று காலையில்தான் பரமலிங்கம் அந்தச் சில்லை வெட்டலாம் என்று ஒப்புதல் கொடுத்து வெளியிட்டிருந்தார். அங்கே பட்டறையில் மற்றக் கொம்பிரசர்களுக்கான நான்கு சில்லுகளை வெட்டத் தொடங்குவது நமது நேரம் மூன்றரைக்கு. தண்டில் பூட்டப்போகும்போது பிழை எப்படியும் பிடிபடும். ஆனால் அதற்குள் விலைகூடிய நான்கு உலோகக் கட்டிகள் பாழாகியிருக்கும். நல்லூருக்கு வேலை வருவதும் அத்தோடு நின்றுபோகும்.

அவள் போய்ச் சொன்னதும் பரமலிங்கம் எழும்பிக் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதையும். பழைய அறுபதைப் போட்டுவிடும்."

"போடேலாது சேர். வெளியிட்டாப் பிறகு பூட்டிக் கிடக்கு. நிறுத்தினால்தான் திறக்கும்."

"அப்ப நிறுத்தும்."

நிறுத்தப் பார்த்தாள். திரை மறுத்தது. வெளியிட்டவரே நிறுத்தமுடியாது, இன்னொருவர் பெயரில் வரவேண்டும் என்றது. சரியான விதிதான். பிழை விட்டவர் தானே அதை மூடி மறைக்காமல் இருக்க வைத்த விதி.

"எமில் நிறுத்தட்டும்."

"எமிலும் நீங்கள்தான், சேர்."

"கமலாவதி?" என்று மூலை மேசையைக் காட்டினார்.

"கமலா அக்காவும் நீங்கள்தான். நாங்கள் ஆறு பேரும் நீங்கள்தான்."

அவர் ரெலிபோனைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். "உங்களிட்டைச் சொல்லமுன்னமே பட்டறைக்கு எடுத்தனான். வாய்ச் சொல்லுக்கு மெசினை நிப்பாட்டமாட்டினமாம். ஆரெண்டாலும் தன்ரை பேரிலை எழுதட்டாம்."

மணி இரண்டு நாற்பது. பரமலிங்கம் நெற்றியைத் துடைத்தார். "அப்ப பிழை விட்டது பரமலிங்கம் எண்டெல்லோ அதிலை கிடக்கும்."

"ஓம் சேர். கிடக்கும்."

வேறு வழி தெரியாமல் அவர் புதுப் பெயர் கேட்கும் படிவத்தைத் திறந்தார். நிரப்ப இருந்தது இரண்டே இரண்டு வரி. இரண்டு வரிக்காகவா இரண்டரை வருடம் என்று ஆரணி நினைத்தாள். அவர் திரும்பிக் கேட்டார்:

"உம்மடை முழுப்பேர் என்ன?"

எத்தனை சில்லு, எத்தனை தண்டு, எத்தனை கணக்கு. எல்லாம் இந்த மனுசனின் பெயரில். அவருக்கோ அவளுடைய பெயர்கூடத் தெரியாது. கோபத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள். அவர் ஒற்றை விரலால் தட்டினார். ஓரிடத்தில் பிழைவிட்டு அழித்து மறுபடி தட்டினார். மணி ஓடியது.

பதில் வந்தபோது மூன்று மணி எட்டு நிமிடம். ஆரணி தன் மேசையில் இருந்து முதற்தடவையாகத் தன் பெயரில் உள்ளே போனாள். துளை மாறிய விதத்தை மூன்று வரியில் எழுதினாள். சீமெந்துத் தொழிற்சாலையின் சில்லைத் தனிப் பொருளாகப் பிரிக்கவேண்டும் என்றும் எழுதினாள். பரமலிங்கம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எமிலின்ரை பேரை இழுக்கவேண்டாம்."

"இழுக்க அவனுக்கு அதிலை எங்கை சேர் பேர்?"

பிறகு சொன்னார்: "இதுக்காக எல்லாருக்கும் பேர் குடுப்பன் எண்டு நினைக்கவேண்டாம்."

நன்றி என்று ஒரு சொல் வரும் என அவள் எதிர்பார்க்கவுமில்லை, அது வரவுமில்லை. எழுதியதை இரண்டு தரம் வாசித்தாள். சில்லின் எண்ணில் ஏழு இலக்கங்களையும் விரல் வைத்துச் சரிபார்த்தாள். மூன்று பதினேழுக்கு நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தாள். கீழே ஒப்பம் கேட்டது. போட்டாள்: ஆரணி பொன்னம்பலம், 2024 நவம்பர் 6, புதன்கிழமை.