வலி என்று சொல்லக் கூடாது

டிஞ்சர் நெடி மூக்கில் ஏறினால் போதும், எனக்கு என் மீதே குமட்டிக்கொண்டு வரும்.

காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடந்த எங்கள் குழுவில் யாரும் ‘வலி’ என்று சொல்லக் கூடாது. சொன்னால், எல்லோரும் சேர்ந்து ‘அரோகரா’ போட்டு அமுக்கிவிடுவோம். உற்சாகம் குறையக் கூடாதாம். அந்த விதியைப் போட்டவன் நான்தான்.

இரண்டாம் நாள், சர்க்கரை நோயுள்ள தேவகோட்டை மீனாள் முனகினார்.

“சாமி, காலு திகுதிகுன்னு எரியுது.”

“முருகனப் பாக்கப் போறவுக மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக! சிரிங்க சாமி, அரோகரா!” என்றேன். சிரித்தார், பாவம்.

மறுநாள் அவர் பக்கமிருந்து அழுகல் வாடை வீசியது. கால்துணியை அவிழ்த்தேன். கட்டைவிரல் கொப்புளம் உடைந்து, சீழில் ஈ மொய்த்தது. அதைவிட அருவருப்பாக இருந்தது, நான் ஊட்டிய உற்சாகம்.

வழியிலிருந்த ஆஸ்பத்திரியில் டிஞ்சர் போட்டுக் கட்டியபடியே, ஒரு நாள் தள்ளியிருந்தால் விரலையே எடுத்திருப்போம் என்றார்கள்.

இப்போதெல்லாம் தங்கும் இடம் வந்ததும் ஒவ்வொருவர் பாதத்தையும் பார்த்த பிறகுதான் உட்காருகிறேன். “எங்க வலிக்குது?” என்று நானே கேட்கிறேன்.

அன்று, கட்டுப்போட்ட காலோடு ஊருக்கு பஸ் ஏறிய மீனாள் ஜன்னல் வழியே சொன்னார்: “நீங்க போயிட்டு வாங்க சாமி. இனிமே யாராச்சும் எரியுதுன்னா, கத்தாம குனிஞ்சு பாருங்க.”