மைனரின் இடப்பக்கம்

ஒருவருடைய நல்லெண்ணத்துக்காக இன்னோர் உயிர் எவ்வளவு வலி தாங்கலாம்? பக்கிரிசாமி இப்படியெல்லாம் கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை. முப்பத்தைந்து வருடம் பந்தயக் குதிரை லாயத்தில் சாணி அள்ளி, குதிரை தேய்த்து, தீனி கலந்து பிழைத்தவர். ஆனாலும் அவர் வாழ்க்கை இந்தக் கேள்வியை இரண்டு முறை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

முதல் முறை, மகள் குமுதாவின் கட்டிலருகே. அவளுக்கு இருபத்தாறு வயது, புற்றுநோய். இனி சிகிச்சை அதிகம் பயன்படாது, வேண்டுமானால் இன்னொரு சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

“வேணாம்ப்பா. போதும்.”

“ஒரே ஒரு தடவ குமுதா. அப்பாவுக்காக.”

அவள் சம்மதித்தாள். வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கடைசி நாற்பது நாளை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய வரிசை வீட்டில் கழித்தாள். சாகப்போகிறவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ள நடத்தும் இல்லம் அது. ஆறு கட்டில். ஜன்னலோரக் கட்டில் குமுதாவுடையது. அங்கே யாரும் அவளிடம் இன்னொரு தடவை என்று கேட்கவில்லை.

அவள் போன மறு வருடம் பக்கிரிசாமி வேலையிலிருந்து நின்றார். என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டபோது மைனரைக் கேட்டார். மைனர், கால் நரம்பு போய்ப் பந்தயத்திலிருந்து கழித்துவிடப்பட்ட குதிரை. அப்படிக் கழித்த குதிரைகளை ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். ஊசி போடும்போது தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் நிற்பது குதிரைக்காரன் வேலை. எத்தனை குதிரைக்கு அப்படி நின்றார் என்று அவர் எண்ணியதில்லை. பெயர்கள் மட்டும் மறக்கவில்லை.

மைனரை ஸ்ரீ கெம்பாங்கானில், தெரிந்த சீனர் ஒருவரின் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் கட்டினார். அங்கே ஏற்கெனவே ஒரு கறுப்பு நாய் குடியிருந்தது. கறுப்பு சோயா சாஸின் பெயரான கிச்சாப்பை அதற்கு வைத்தது அவர் மனைவி சீதாலெட்சுமி. குதிரையும் நாயும் ஒரே வாரத்தில் ஒன்றையொன்று விட்டு நகராத அளவுக்குச் சேர்ந்துகொண்டன.

அந்தச் சமயத்தில்தான் இல்லம் இருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார் என்று சேதி வந்தது. முதலில் இல்லத்துக்கே தருகிறேன், வருடக் கடைசிவரை பொறுக்கிறேன் என்றாராம். இல்லத்தின் செயலாளர் சுகுமாறன் கூட்டம் போட்டார். பக்கிரிசாமி எழுந்து, கிள்ளானிலிருந்து பினாங்குவரை முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறேன், அதைச் சொல்லி நன்கொடை கேளுங்கள் என்றார்.

“அண்ணே, நீங்க தனியா நடந்தா யாருலா திரும்பிப் பாப்பா? குதிரையோட நடங்க. நாயும் வரட்டும். அப்பத்தான் பாப்பாங்க.”

சுகுமாறன் இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரே மாதத்தில் குதிரைப் படம் போட்ட டி-சட்டைகள் வந்துவிட்டன. நன்கொடை தருவதாக எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப்பேர், குதிரை பினாங்கு போய்ச் சேர்ந்தால் தருகிறோம் என்றே எழுதியிருந்தார்கள்.

பயிற்சி மூன்று மாதம் நடந்தது. வெயில் ஏறுமுன் சாலாக் செலாத்தான் பக்கம் போய்த் திரும்புவார்கள். பந்தய லாடத்தைக் கழற்றிவிட்டு, தார்ச்சாலைக்கு ஏற்றபடி ரப்பர் வைத்த இரும்பு லாடம் அடித்தாயிற்று. கிச்சாப்பின் பாதங்களுக்கு எண்ணெய் தடவியாயிற்று. ஆனால் ஒன்றை மட்டும் பக்கிரிசாமி யோசிக்கவில்லை. லாயத்தில் எல்லாமே இடப்பக்கம்தான். சேணம் போடுவது, தீனி வைப்பது, நடத்திக்கொண்டு போவது, எல்லாம். சாலையின் இடது ஓரத்தில் அதே பழக்கத்தில் நடந்தால் மனிதன் புல் பக்கம், குதிரை வண்டிப் பக்கம். இரண்டாம் வாரத்தில் ஒரு லோரியின் பக்கக் கண்ணாடி மைனரின் தொடையை உரசிவிட்டுப் போனது. தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. கிச்சாப் அந்த லோரியை வெகுதூரம் துரத்திக்கொண்டு ஓடியது.

சுகுமாறன் பதறிவிட்டார். “என்னாண்ணே இது? ரோட்டுப் பக்கம் நீங்கதானே நிக்கணும்?”

“அதுக்கு அந்தப் பக்கம் ஆளு நின்னா பழக்கமில்ல தம்பி.”

“பழக்குங்களேன்.”

பழக்கிப் பார்த்தார். வலப்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்தவுடன் மைனர் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். காதைப் பின்னால் மடித்துக்கொள்ளும். வெல்லம் காட்டினாலும் அசையாது. இடப்பக்கம் வந்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும். பத்து நாள் இப்படி.

“உங்க குதிரை எதிர்க்கட்சி போலண்ணே” என்றார் சுகுமாறன். கடைசியில், பின்னால் விளக்கு மின்னும் வேன் ஒன்று கூடவே வரும், அவர் பழையபடியே இடப்பக்கம் நடக்கலாம் என்று முடிவாயிற்று.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, காலையில் மைனரின் முன்னங்காலைத் தடவிய கை நின்றது. குளம்புக்கு மேலே, பழைய இடத்தில், சூடு. வீக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. கால்நடை மருத்துவர் பார்த்து, நடக்கலாம் என்று சான்று கொடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வேறு யாருக்கும் இது தெரியாது. ஆனால் பக்கிரிசாமியின் கை அந்தச் சூட்டை அறியும். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதையும் அறியும்.

லாயத்தில் இதற்கு ஒரு வெள்ளைப் பொடி உண்டு. தவிட்டில் கலந்து கொடுத்தால் குதிரைக்கு வலி தெரியாது. வலி தெரியாததால் ஓடும். ஓடி ஒருநாள் கால் முறியும். சொன்னபடி கலந்து கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பழைய பெட்டியைத் துழாவி மிச்சமிருந்த டப்பாவை எடுத்தார்.

பொடி உள்ளே போன அன்றே மைனர் குட்டிபோலத் துள்ளி நடந்தது. வாளியைக் கழுவிக்கொண்டிருந்த சீதாலெட்சுமி கேட்டாள்:

“என்னா கலக்குனீங்க?”

“மருந்து. பினாங்கு வரைக்கும்தான். ஒரு தடவதான்.”

“அவளும் ஒரு தடவதான்னு நம்புனா.”

பக்கிரிசாமி டப்பாவை மூடிப் பெட்டியில் வைத்தார். அன்று மத்தியானமே சுகுமாறனிடம் சொல்லிவிடுவதென்று பிரிக்ஃபீல்ட்ஸ் போனார். ஜன்னலோரக் கட்டிலில் இப்போது ஒரு முன்னாள் லோரி ஓட்டுநர் இருந்தார். குரல் போய்விட்டது. அவர் பக்கிரிசாமியின் டி-சட்டையைச் சுட்டிக்காட்டி, விரல்களால் குதிரை நடப்பதுபோலப் போர்வைமேல் நடத்திக் காட்டிச் சிரித்தார். மோனோரயில் போகிற சத்தம் கேட்டது. குதிரை நடக்காவிட்டால் இந்த ஆறு பேர் எங்கே போவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பக்கிரிசாமி தேநீர் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினார்.

புறப்படும் நாள் வந்தது. விடிவதற்கு முன்பே பொடி கலந்த தவிட்டை மைனர் மிச்சமில்லாமல் தின்றது. லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோனார்கள். கோயில் திடலில் உறுமி மேளம், பதாகைகள், நானூறு பேருக்குமேல் கூட்டம். பிள்ளைகள் மைனரின் மூக்கைத் தடவினார்கள். மைனர் தலையை ஆட்டிக்கொண்டு, நடக்கத் தயாராக நின்றது. பக்கிரிசாமி எப்போதும்போல இடப்பக்கம் நின்று லாடங்களை ஒருமுறை பார்த்தார். முன்னங்காலைத் தடவினார். நிமிர்ந்தார்.

அன்றைக்குப் பிறகு என்ன ஆனது என்று கிள்ளானில் பலருக்கும் தெரியும். எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப்பேர் பின்வாங்கினார்கள். வீடு வருடக் கடைசியில் கைமாறியது. இல்லம் கம்போங் மேடானில் ஒரு கடைவீட்டு மாடிக்குப் போனது. அங்கே மூன்று கட்டிலுக்குத்தான் இடம். சுகுமாறன் இன்றுவரை பக்கிரிசாமியிடம் பேசுவதில்லை. மைனர் அதே புல்வெளியில், கொஞ்சம் நொண்டிக்கொண்டு, மேய்கிறது. அவர் செய்தது சரியென்று சொல்ல எனக்கு வரவில்லை. தப்பென்றும் வரவில்லை.

அன்று திடலில் புறப்பாட்டுக் கொடி இறங்கியது. மேளம் உரத்தது. பக்கிரிசாமி மைனரின் கழுத்துக்கு அடியில் குனிந்து, வலப்பக்கம் போய் நின்று, கயிற்றைப் பிடித்தார்.

மைனர் நான்கு காலையும் ஊன்றியது.

“அண்ணே! அந்தப் பக்கம்ணே! பழைய பக்கம் வாங்க!” சுகுமாறன் ஓடிவந்தார்.

“ரோட்டுப் பக்கம் ஆளு நிக்கணும்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க.”

“அதான் பின்னால வேன் வருதே! எல்லாரும் பாக்குறாங்கண்ணே!”

அவர் கயிற்றை இழுக்கவில்லை, தளர்த்தவும் இல்லை. மைனரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். மேளம் நின்றது. வேனின் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் இருக்கும். பிறகு கயிற்றைக் கொண்டுபோய் சீதாலெட்சுமியின் கையில் கொடுத்தார். தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டிக் கிச்சாப்பைக் கூப்பிட்டார். பினாங்கு போகும் சாலையில் இறங்கி நடந்தார்.