அறுபத்தேழரை கிலோ

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பூனாவில் ஒரு மத்திய சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ராஸ்தா பேட்டையில் ஓர் அறை, அதே தெருவில் பாலக்காட்டுக்காரர் நடத்திய மெஸ்ஸில் இரண்டு வேளைச் சாப்பாடு. மாலையில் நானா பேட்டைப் பக்கம் இருந்த தாலிமுக்குப் போவேன். உடற்பயிற்சிக் கூடத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வருடப் பயிற்சியில் நூற்று அறுபது ராத்தல் இரும்பைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்த முடிந்தது. திருநெல்வேலியில் இருந்த அப்பாவுக்கு இதைத் தனிக் கடிதமாகவே எழுதினேன். அவர் பதிலில் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

எங்கள் செக்ஷன் சூப்பரிண்டெண்ட் தஞ்சாவூர்க்காரர். அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கு அவர்தான் காரியதரிசி. ஒருநாள் என்னை அழைத்து உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

"உம்ம எடை என்னங்காணும்?"

"எழுபத்தஞ்சுக்கு ஒண்ணு ரெண்டு கம்மியா இருக்கும் சார்."

"அங்கதான் தப்பு. பளு தூக்கறதிலே எழுபத்தஞ்சு கிலோ பிரிவுக்கு மிலிடரி டிப்போவிலேருந்து ஒரு பஞ்சாபி வரான். ஆளைப் பாத்திருக்கீரோ? கதவு மாதிரி இருப்பான். ஆனா அறுபத்தேழரை கிலோ பிரிவிலே ஒருத்தன்கூட பேர் குடுக்கல்லே. நீர் இளைச்சாப் போறும். கப் நம்முது."

"தூக்கவே வேண்டாமா சார்?"

"பேருக்குத் தூக்கினாப் போறும்."

நான்கு மாதம் இருந்தது. சோற்றை விட்டேன். காலையில் மோர், மதியம் ஜோவார் பாக்ரி என்கிற சோள ரொட்டியில் பாதியும் முளைகட்டிய பயறும், இரவில் ஒரு வெள்ளரிக்காய். மெஸ்காரர் முதல் வாரம் என் இலையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் வாரம் என் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன குத்தம்னு சொல்லிடுங்கோ. ரசமா, கூட்டா?"

"குத்தமே இல்ல. எடைய குறைக்கேன்."

"எடையைக் குறைக்கறதுக்கா மனுஷா மெஸ்ஸுக்கு வரா?" என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

எடை இறங்கியது. கூடவே பலமும் இறங்கியது. முதல் மாதம் நூற்று ஐம்பதுதான் மேலே போனது. அடுத்த மாதம் நூற்று முப்பது. பிறகு நூற்றுப் பத்தைத் தூக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாலிம் நடத்திய வஸ்தாது, மீசை நரைத்த மராட்டியர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தூத் பீ ரே" என்பார். பால் குடி என்று அர்த்தம். நான் கேட்கவில்லை. என் புத்தி வேறு பக்கம் போயிற்று. அப்போதுதான் ஊரெங்கும் ராத்தல், சேர் என்ற பழைய அளவுகள் போய்க் கிலோ வந்திருந்தது. யாரோ இரும்புத் தட்டுகளை மாற்றிவிட்டார்கள், எழுதியிருப்பதைவிட இவை கனமானவை என்று எனக்குத் தோன்றியது. பசி அப்படியெல்லாம் யோசிக்க வைக்கும்.

வஸ்தாதிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு தட்டாகச் சுமந்துகொண்டு தெருமுனைத் தானியக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஜோவார் மூட்டையை இறக்கிவிட்டுப் புதிய முத்திரை போட்ட தராசில் தட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார். கிலோவில் வந்ததை ஒரு காகிதத்தில் ராத்தலாக மாற்றினார். இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார். இருபத்தைந்து ராத்தல் என்று வார்த்திருந்த தட்டு இருபத்தொன்றுதான் இருந்தது. மற்றவையும் அதே கணக்கில் குறைவு. எந்தக் காலத்திலோ எந்தப் பட்டறையோ இரும்பை மிச்சம் பிடித்திருக்கிறது.

என் நூற்று அறுபது ஒருநாளும் நூற்று அறுபதாக இருந்ததில்லை. அது எனக்கு மட்டும் நேர்ந்திருந்தால் பரவாயில்லை. பன்னிரண்டு பேரும் நின்ற இடத்திலேயே பலம் இழந்திருந்தார்கள். வஸ்தாதுக்குத்தான் பெரிய அடி. இருபது வருடமாகப் பேட்டையில் பேசப்பட்ட அவருடைய இருநூறு, நூற்று எழுபதுக்கும் கீழே வந்துவிட்டது. அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்து ஹிந்தியில் சொன்னார்: "நீ இளைத்தாய், சரி. எங்களை ஏன் இளைக்க வைத்தாய்?"

அதன்பிறகு தாலிமில் என்னோடு யாரும் பேசவில்லை. கனத்தை நான் ஏற்றிக்கொண்டு, நானே தூக்க முடியாமல், நானே இறக்கிக்கொண்டிருந்தேன்.

போட்டியன்று காலை எடை பார்த்தபோது அரைக் கிலோ அதிகம். ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். கம்பளி ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். சூப்பரிண்டெண்ட் கடிகாரத்தைப் பார்த்தபடி கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்தார். தலைமுடியையும் ஒட்ட வெட்டச் சொன்னார். கடைசியில் முள் சரியாக அறுபத்தேழரையில் நின்றது. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நான் ஒருவன்தான் போட்டியாளன். விதிப்படி மிகக் குறைந்த கனம் நாற்பது கிலோ. மூன்று வாய்ப்புகள். முதல் தடவை மார்புவரை கொண்டுவந்து, அப்படியே அதோடு உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் தடவை கம்பி தரையைவிட்டுக் கிளம்பியது மட்டும் நினைவிருக்கிறது. மூன்றாம் தடவை மோவாய்வரை வந்து அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கூட்டத்திலிருந்து சூப்பரிண்டெண்ட், "போட்டுடாதேயும் ஓய்! எதிரே ஒருத்தனும் இல்லே!" என்று தமிழில் கத்தினார். நடுவராக இருந்த ராணுவ அதிகாரி எழுந்து வந்து, இன்னொருவரோடு சேர்ந்து, கம்பியை என் கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டார்.

அடுத்து எழுபத்தைந்து கிலோ பிரிவு. பஞ்சாபியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்று டிப்போக்காரர்கள் சொன்னார்கள். வேறு யாரும் இல்லை. சூப்பரிண்டெண்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். எனக்காக வாழைப்பழம் கொண்டுவந்திருந்த எங்கள் தஃப்தரி, நாற்பது வயதைத் தாண்டிய மராட்டியர், தினமும் கோப்புக் கட்டுகளை மாடிக்கு ஏற்றி இறக்குகிறவர், ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவரைப் பிடித்து எடை போட்டார்கள். காக்கிச் சட்டையோடு எழுபத்தொன்று. அவர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். கம்பியை அலமாரியின் மேல்தட்டில் வைப்பதுபோல் தூக்கினார். வைக்க இடமில்லாததால், எங்கே வைப்பது என்று நடுவரைக் கேட்டார்.

கப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கேலி துளியும் இல்லாமல் கேட்டார்: "ஸாஹேப், இதுக்கா நாலு மாசம்?"

நான் அவர் கொண்டுவந்த பழங்களைத் தின்றுகொண்டிருந்தேன். ஆறாவது பழத்தில் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

அன்று மதியமே மெஸ்ஸில் நாலு தடவை சாதம் வாங்கினேன். எடை ஒன்றரை மாதத்தில் வந்து சேர்ந்தது, வந்தது போதாமல் மேலும் ஆறு கிலோ ஏறியது. பலம் அவ்வளவு அவசரப்படவில்லை. மழைக்காலம் முடியும்வரை எண்பது கிலோ உடம்போடு, ஒரு வாளித் தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோக இரண்டு இடத்தில் நின்றேன். அந்த நாட்களில்தான் ஸ்டூடியோவில் கைகட்டி ஒரு போட்டோ எடுத்து, அப்பா எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவருக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை நல்ல பலசாலியாகத் தெரிகிறார், தங்களுக்குப் பூரண சம்மதம் என்று பெண்ணின் தகப்பனார் எழுதியிருந்தார். நான் மறுத்து எழுதவில்லை.