அவளுக்கென்று வந்த சென்சார்

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆனாலும் நாற்பத்து நான்கு வயதில் இருபத்தெட்டு நாள் கையில் சென்சார் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். ஓசூரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆரோக்கிய வாரம் என்று ஒன்று நடத்தினார்கள். பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லை. மேல்கையின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பதினான்கு நாளைக்கு, உடம்பில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஊழியருக்கு ஒன்று, வீட்டில் இருப்பவருக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள்.

எனக்கு வாயெல்லாம் பல். நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். பத்தொன்பது வருடமாக கேஜும் மைக்ரோமீட்டருமாகவே பிழைப்பு. அளக்காத எதையும் நம்பமாட்டேன். வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டைக்கூட எடைபோட்டுப் பார்க்கிற ஆள் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, களிக்கு எவ்வளவு, சாப்பிட்டபின் நடந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று கேண்டீனில் நாங்கள் நான்கு பேர் போனை நீட்டி ஒப்பிட்டுக்கொண்டோம். என் கோடுதான் மேடு பள்ளம் அதிகமில்லாமல் ஓடியது. அதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

என் மனைவிக்கு ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். அவள் வேறொரு தொழிற்சாலையில் இருந்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே, கடுகைவிடச் சின்ன பாகங்களைப் பலகையில் பொருத்துகிற வேலை. கண்ணை வைத்தே பிழைத்தவள். அந்த வருடம் அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். கல்யாணத்தப்போ இருந்த மாதிரி ஆகிவிட்டாய் என்று நான் சந்தோஷப்பட்டேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், செருப்பைக் கழற்றுமுன் ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிப்பாள். தென்பெண்ணை வற்றியதற்கு நீதான் காரணம் என்று கிண்டல் செய்தேன்.

லைனில் தண்ணீர் குடிக்காததால் வரும் தாகம் என்றாள். அதுவும் பொய்யில்லை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கைதூக்கி, மாற்று ஆள் வந்து இடத்தில் நின்றபிறகுதான் எழ முடியும். ஒரே ஷிப்டில் மூன்று நான்கு தடவை கைதூக்கினால் சூப்பர்வைசர் முகம் மாறும். அதனால் வேலை நேரத்தில் அவள் தண்ணீர் பாட்டிலையே தொடுவதில்லை. லைனில் இருந்த பெண்கள் பாதிப்பேர் அப்படித்தான். தாகமும் களைப்பும் அந்த வேலையோடு வருவதுதான் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம்.

என் சென்சார் முடிந்த நாளில் இரண்டாவது பெட்டியை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். இது தனக்கென்றா கொடுத்தார்கள் என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

“ஒரே அடுப்புல பொங்கி ஒரே சோத்தத் திங்கறோம். எனக்கு நல்லா இருந்தா உனக்கும் நல்லாத்தான் இருக்கும்.”

எங்கள் பிரிவின் வழக்கம் அது. பெட்டிக்கு ஐந்து பாகம் எடுத்து அளப்போம். ஐந்தும் சரியென்றால் பெட்டி முழுக்கச் சரி என்று பச்சைச் சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவோம். ஒரே மெஷினில் ஓடியது வேறு மாதிரியா இருக்கும்? அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். என்னை அளந்துவிட்டு, அவளையும் சேர்த்துப் பாஸ் பண்ணினேன்.

லைனில் தனக்குக் கை இடிக்கும், நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள் என்று அவள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு வேண்டியதும் அதுதான். மாம்பழ சீசன் தொடங்கியிருந்தது. செந்தூராவுக்கு என் கோடு எப்படிப் போகிறது என்று பார்க்காமல் விட மனமில்லை. அவளுடைய அண்ணன் தோட்டத்திலிருந்து ஒரு கூடை கொண்டுவந்து இறக்கினார். நான் ஒரு துண்டு தின்றுவிட்டு, போனைப் பார்த்தபடி தெருவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து கொட்டையைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பதினான்கு நாளும் முடிந்ததும், நம் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று அவளிடம் பெரிய டாக்டர் மாதிரி அறிவித்தேன்.

இரண்டு வருடம் போனது. அவள் பொருத்திய பலகைகளில் ரிஜெக்ட் கூடிக்கொண்டே வந்து, பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். என்னிடம் அவள் சொல்லவில்லை. கூட வேலை செய்த பெண் ஒருத்தி சந்தையில் பார்த்துச் சொன்னாள். கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். எந்தக் கண்ணாடியும் சேரவில்லை. ஒருநாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், வலது கண்ணில் கறுப்பாக நூல் நூலாக இறங்குகிறது என்றாள். அன்றைக்கே பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை முந்நூற்றுச் சொச்சம்.

டாக்டர் கன்னடத்தில் பேசினார். நான் காவேரிப்பட்டினத்துக்காரன், எனக்குக் கன்னடம் அரைகுறை. எல்லையோர ஊரில் வளர்ந்த அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. விழித்திரைப் படத்தைக் காட்டி அவர் விளக்க விளக்க, நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் என் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள்.

“வலது கண்ணு அவ்வளவுதானாங்க. எடது கண்ணக் காப்பாத்தப் பாக்கறாங்களாம்.”

எப்போதிலிருந்து மங்கல் என்று டாக்டர் கேட்டார். அதற்கு அவள் சொன்ன பதில் எனக்கே புரிந்தது. சென்சார் வந்த அந்த வருடத்திலிருந்து. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

“நீங்கதான் நம்ம வூட்ல யாருக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்களே. அப்புறம் எதுக்குப் பயப்படணும்னு இருந்துட்டன்.”

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் கேட்ட கேள்விக்கு அவள் பதில்தான் சொன்னாள். அந்த வராண்டாவில், முன்பின் தெரியாத நாற்பது பேர் பார்க்க, நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவள் புடவைத் தலைப்பை என் பக்கம் நீட்டினாள்.

வேலையை விட்டுவிட்டாள். இப்போது சென்சார் அவள் கையில் இருக்கிறது, நான்தான் ஒட்டிவிடுகிறேன். போனில் வரும் எண்ணைப் படிக்க இடது கண்ணும் ஒத்துழைப்பதில்லை. அதனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நான் படித்துச் சொல்ல வேண்டும். சில நாள் இருநூற்று முப்பது என்று காட்டும். நூற்றைம்பது என்று சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாக இன்னொரு கரண்டிச் சோறு தின்பாளே என்று நாக்கு நுனிவரை வரும். சொன்னதில்லை. நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அவள் சரி என்று தலையாட்டுகிறாள். ஒரு தடவையாவது, நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்களா என்று அவள் கேட்க வேண்டுமென்று இருக்கிறது எனக்கு. இன்றுவரை கேட்கவில்லை.