மஞ்சள் கறை படிந்த ஸ்டிக்கர்

என் ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன். கறுப்பும் வெள்ளையுமாக நெளியும் கோடுகள், நடுவில் மஞ்சள் கறை. அதைப் பார்த்தாலே எனக்கு அக்கா நினைவுதான்.

எங்கள் தலைமை இன்ஜினியரைக் குழுவில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரல்தான் அவருக்குச் சொந்த ஊர். பழம்பெரும் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று, தன் பெயர் மறுபடியும் உலகமெங்கும் பேசப்பட வேண்டுமென்று ஒரு ராட்சச பைக்கை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் இன்ஜினைச் சூடேறாமல் காப்பது அக்காவின் வேலை. யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று வண்டி முழுக்க அந்த நெளிகோட்டு ஸ்டிக்கர். வெள்ளோட்டம் ஓட்டுகிறவன் நான். கைப்பிடியை லேசாகத் திருகினால் போதும், திருநெல்வேலி பைபாஸ் ஒரு மூச்சில் முடிந்துவிடும். அடடா, என்ன வேகம்! ஊர்ந்து போனால்தான் தொல்லை, கொதித்துவிடும். சித்திரை வெயிலில் அது தாங்காவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவோம் என்று இங்கிலாந்திலிருந்து வந்த அதிகாரி சொல்லிவிட்டார். சோதனை நாளன்று அக்கா காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

முக்கூடல் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழா ஊர்வலம் குறுக்கே வந்தது. முன்னால் மேளம், சாமியாடி, அவர்மேல் ஊற்ற மஞ்சள் நீர்க் குடங்களோடு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் நான். எனக்குப் பின்னால் வேனில், திரையில் ஏறும் வெப்பக் கோட்டைப் பார்த்தபடி அக்காவும் அதிகாரியும். கோடு சிவப்பை நெருங்கும்போது ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

“ஏ தாயி, வண்டி இந்தக் கொதி கொதிக்கே! ஏ புள்ள, குளுத்திவிடு!”

நான் ஹெல்மெட்டுக்குள் கத்துவதற்குள் குடம் குடமாக மஞ்சள் நீர், வேப்பிலையோடு, ரேடியேட்டர் மேல்! கோடு சரிந்தது. கூட்டத்தில் நடந்தது தெரியாத அதிகாரி, வண்டி தேறிவிட்டதென்று கை தட்டினாராம்.

அக்கா இறங்கி ஓடிவந்தார். ரேடியேட்டரில் ஒட்டியிருந்த வேப்பிலையை எடுத்துப்போய் அதிகாரியின் கையில் வைத்து, குளிர வைத்தது தண்ணீர்தான், தான் செய்த ஏற்பாடு அல்ல என்று விளக்கினார். எனக்கோ எரிச்சலான எரிச்சல். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்போமே!

“ஏலே, மூஞ்சியத் தூக்காத. ஈரம் காயட்டும், இன்னொரு தடவ போவோம். பைய ஓட்டு” என்றார். பிறகு ஊர்ப் பெரியவரிடம் போனார். “அண்ணாச்சி, உங்க பின்னாலேயே வாறோம். தண்ணி மட்டும் வேண்டாம்.”

மறுபடி மேளம். மறுபடி நடை வேகம். தெருவே சாமியை விட்டுவிட்டு எங்களைத்தான் பார்த்தது. முதலில் ஊற்றச் சொன்ன அம்மா, மனசு கேட்காமல் மறுபடி ஊற்றிவிடக் கூடாதென்று, குடத்தின் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். கோடு ஏறியது, ஏறியது, சிவப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. தெரு முடியும்வரை அங்கேயே நின்றது! அக்கா விசிலடித்தார். அதிகாரி மேளத்துக்கு ஆடியே விட்டார்.

இப்போது அந்தப் பைக் ஸ்டிக்கர் இல்லாமல் ஊரெல்லாம் ஓடுகிறது. அக்காவும் அதே பைக் ஒன்று வாங்கியிருக்கிறார். போன வாரம் உச்சி வெயிலில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை சிக்னலில் அருகருகே நின்றோம். பக்கத்து ஆட்டோக்காரர் பாட்டிலை நீட்டினார்.

“தங்கச்சி, வண்டி அனலா அடிக்கி. தண்ணி ஊத்தட்டுமா?”

அக்கா என் ஹெல்மெட்டின் மஞ்சள் கறையைப் பார்த்துச் சிரித்தார்.

“நீங்க குடிங்க அண்ணாச்சி. இது தாங்கும்.”